கேட்டால் பொத்தானை அழுத்துங்கள்

பகலெல்லாம் பிறர் காதுகளைச் சோதிப்பவள் நான்.
கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து
ஹெட்ஃபோன் மாட்டி
"கேட்டால் பொத்தானை அழுத்துங்கள்" என்பேன்.
கேட்காததற்கும் அழுத்துவார்கள் பலர்.
தோற்க யாருக்கும் மனமில்லை.

திபிலீசியில் எங்கள் கடனுக்குள் அடங்குவதாய்
கடைசியில் எஞ்சியவை இரண்டு:
வேரா, கில்தானி.
ஒன்று மேட்டில், மரங்களுக்கு நடுவே.
மற்றது மெட்ரோ முடிகிற பக்கம்.
அங்கே நாற்பத்து மூன்று சதுர மீட்டர்,
அதே பணத்துக்கு இங்கே எழுபத்தொன்று, ஒன்பதாம் மாடி,
துடைத்தால் மலை தெரியக்கூடிய ஜன்னல்.

பாத்ரிக்கு வேராதான்.
அந்தப் பெயரைச் சொல்லும்போதே
காலரைச் சரிசெய்துகொள்கிறான்.
"யாராவது எங்கே இருக்கிறாய் என்று கேட்டால்..."
தொடங்குவான், முடிக்கமாட்டான்.

சாவிகளை வாங்கிக்கொண்டு தனியாகப் போனேன்,
வேலை முடிந்த காதோடு.

வேரா வீட்டுச் சுவரை
இரும்புப் பட்டைகள் இறுக்கிப் பிடித்திருந்தன,
இடுப்பு வலிக்காரருக்குக் கட்டிய பெல்ட் போல.
விரிசலின் குறுக்கே ஒட்டிய காகிதத்தில்
யாரோ தேதி எழுதியிருந்தார்கள்.
கிழிந்தால் வீடு நகர்கிறதென்று அர்த்தம்.
கிழியவில்லை.
ஆனால் காகிதம் புதிது.

முற்றத்தில் திராட்சைக் கொடி. மயங்கினேன், மறைப்பானேன்?
வெறும் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடினேன்.
மேலே குதிகால் செருப்பு.
பியானோவில் ஒரே வரியில் திரும்பத் திரும்ப
தடுக்கி விழும் ஒரு பிள்ளை.
கீழே மதுக்கடைச் சிரிப்பு,
கல் பாவிய தெருவில் சக்கரப் பெட்டிகளின் தடதடப்பு.
பக்கத்து வீட்டில் மட்டும் ஒன்றுமே இல்லை.
காதை ஒட்டிக் கேட்டேன். இல்லை.
"நாள் வாடகைக்கு விடுகிறார்கள். இந்த மாடியில் மூன்று வீடு அப்படித்தான்"
என்றாள் விற்பவள், பெருமையாக.
"நீங்களும் விடலாமே!"
விட வரவில்லை, இருக்க வந்தேன்
என்பது நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனது.

கில்தானியில் லிஃப்ட்டுக்குக் காசு போடவேண்டும்.
இருபது தெத்ரியை விழுங்கிக் கொஞ்சம் யோசித்து
பிறகுதான் ஏறியது.
அழகில்லை, பொய் சொல்லமாட்டேன்.
படிக்கட்டில் பூனை மூத்திரம்.
பால்கனிகளைத் தகரத்தால் மூடி
ஆளுக்கொரு அறை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள்.
கான்கிரீட் பலகைச் சுவர் எதையும் மறைப்பதில்லை:
இடப்பக்கம் இருமல்,
அடியில் வால்நட் உடைக்கும் சுத்தியல்,
தொலைபேசியில் ஒருத்தி "இல்லை, இல்லை, இல்லை" என்று
பதினேழு முறை.
எண்ணினேன். தொழில் புத்தி.
ஜன்னல் இடுக்கில் காற்று
காலி பாட்டிலை ஊதிக்கொண்டிருந்தது.
ராத்திரி முழுக்க இதையா என்று நினைத்தபோது

மின்சாரம் போயிற்று.

இருட்டில் டங், டங் என்று ஒரு சத்தம்.
அறை மூலையில் பழைய வெந்நீர்க் குழாய்.
வெந்நீர் நின்று எத்தனையோ வருடமானாலும்
எல்லா வீட்டையும் செங்குத்தாகக் கோத்து நிற்பது.
யாரோ கரண்டியால் தட்டுகிறார்கள்.
கீழிருந்து ஒரு பதில்.
அதற்கும் கீழே இன்னொன்று, ஈனமாக,
நாற்பது டெசிபல்கூட இராது.
பிறகு அமைதி.
அந்த அமைதி எனக்காகக் காத்திருக்கிறது என்று
புரிய வெகுநேரமானது.

முன்பணம்கூடக் கொடுக்காத வீடு.
கையிலிருந்த சாவியால் ஒருமுறை தட்டினேன்.

லிஃப்ட் நின்றுவிட்டதால் நடந்தே இறங்கினேன்.
நாலாம் மாடியில் கதவு திறந்தது.
மெழுகுவர்த்திக்குப் பின்னால் ஒரு பெண், கையில் கரண்டி.
"ஒன்பதா?" என்றாள்.
"ஆமாம்" என்றேன்.

பாத்ரியிடம் இன்னும் சொல்லவில்லை.