பதினோராம் சாவி

பர்பாங்க், எழுபத்தொன்று, மழை மறந்த நவம்பர்.
ஸ்டூடியோவின் பின்கட்டில் ஜன்னலில்லா அறையில்
சிரிப்பு விற்பவன் நான்.

தட்டச்சுப்பொறி அளவில் ஒரு பெட்டி.
முப்பத்திரண்டு சாவிகள். காலடியில் ஒரு மிதி.
சாவியைத் தொட்டால் சிரிப்பார்கள்.
மிதித்தால் விழுந்து விழுந்து.

இந்த வாரச் சரக்கு:
இத்தாலியில் ஒரு ராணுவ அடுமனை, வருடம் நாற்பத்து நாலு.
குண்டு விழும், மாவு பறக்கும், யாரும் சாகமாட்டார்கள்.
அது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.
மலை கலிஃபோர்னியாவுடையது. ஆலிவ் மரங்கள் வாடகைக்கு.

விருந்தினர் இரண்டு பேர்.

லூயெல்லா ஸ்ட்ராண்ட், வழிதவறிய ஓபரா பாடகி.
மாவு பிசையும் இயந்திரத்தின் உறுமலுக்குச் சுதி சேர்க்கிறாள்.
உச்சத்தில் அடுப்பின் கண்ணாடி விரிசல் விட
சமையல்காரன் அவள் வாயை அடைக்க ஒரு பன் நீட்டுகிறான்.
தின்றுகொண்டே பாடுகிறாள்.
அவளுக்கு நான் வேண்டாம். கேமராக்காரனே சிரித்துவிட்டான்,
படம் ஒரு நூல் ஆடியது.
அந்த ஆட்டம் இருக்கட்டும் என்றாள் எடிட்டர் கோனி ஒகாட்டா.

கோனி அதிகம் பேசமாட்டாள்.
அந்த நாற்பத்து நாலில் அவளுக்கு ஐந்து வயது,
வயோமிங்கில், முள்கம்பிக்கு உள்ளே.
கொட்டகைக் காட்சி வந்தால் மட்டும் சொல்வாள்:
"கதவு இவ்வளவு நன்றாக மூடாது."

மற்றவர் மோரி கெல்ஃபாண்ட், வயது எழுபத்தெட்டு, போலி ஜெனரல்.
பதக்கங்கள் எல்லாம் பிஸ்கட்.
சல்யூட் அடிக்கிறார், கக்கத்து நீள ரொட்டி எழும்பித் தொப்பியைத் தள்ளுகிறது.
குனிகிறார், ரொட்டி பின்னால் நிற்கும் கர்னலின் மூக்கில்.
பழைய சரக்குதான்.
மூன்றாம் முறை அவர் ஒன்றுமே செய்யவில்லை.
நின்றார்.
நாலு விநாடி.
பிறகு மார்பிலிருந்து ஒரு பதக்கத்தை ஒடித்து
மெதுவாகத் தின்றார்.

நாலு விநாடி என் தொழிலில் பெரிய பள்ளம்.
'நிரப்பு' என்றது தயாரிப்பாளரின் சிவப்பு மை.
விரல் பதினோராம் சாவிக்குப் போனது.

அதில் ஒரு பெண்.
எல்லோரும் ஓய்ந்த பிறகு தனியாகத் தொடங்குவாள்,
விக்கல்போல இரண்டு, உள்ளிழுத்த ஒரு மூச்சு,
அப்புறம் படி தவறியவள்போல ஒரு கூவல்.
ஐம்பத்து மூன்றில் ஏதோ அரங்கில் பதிவானவள்.
பெயர் பட்டியலில் இல்லை.
பதினெட்டு வருடமாக எந்த அசட்டுத்தனத்துக்கெல்லாமோ
அவளைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

ஜனவரியில் ஒளிபரப்பானது. அன்றிரவே தொலைபேசி.
"அவளை எங்கேடா பிடித்தாய்?" மோரியின் குரல்.
யாரை?
"விக்கல்காரியை. சான்டா மோனிகா, இரண்டாவது வரிசை, பச்சைத் தொப்பி.
நானும் ஏபியும் ஒரே கோட்டுக்குள் மாட்டிக்கொள்ளும் கூத்து.
மூன்று நாள் தொடர்ந்து வந்தாள்.
மூன்றாம் நாள், அவள் ஆரம்பிக்காமல்
ஏபி அடுத்த வசனத்துக்கு நகரவே இல்லை."

அது வெறும் சாவி, மிஸ்டர் கெல்ஃபாண்ட்.

"தெரியும். ஆனாலும் பிந்தித்தான் வந்தாள், பார்த்தாயா."
அவர் வீட்டு டிவியில் செய்தி தொடங்கியது,
ஹெலிகாப்டர்கள், வேறொரு போர், வேறொரு மலை.
எழுந்து போய்க் குறைத்துவிட்டு வந்தார்.
"ஏபி போய் ஒன்பது வருஷம்.
அவளை ரொம்ப எடுக்காதே. நாடா தேய்ந்துவிடும்."

மறுநாள் வேலை: கிளி வளர்க்கும் போலீஸ்காரன், நாற்பது சிரிப்பு.
பதினொன்றைத் தொடாமல் முடித்தேன்.
கோனி ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.
"ஒருத்தர் குறைகிறதே," என்றாள், "யாருக்காவது உடம்பு சரியில்லையா?"