பதினேழில் பதினாறு

லியெபாயாவில்தான் காற்று பிறக்கிறது என்பார்கள்.
பிறந்ததும் முதலில் வந்து
இழுவைப்படகு அலுவலகத்தின்
இரண்டாம் மாடி ஜன்னலை உலுக்குகிறது.

டிசம்பர் வெள்ளி, மாலை நாலேகால்.
அதற்குள் இருட்டிவிட்டது.
விஸ்மா "ஆம்" என்று அழுத்துகிறாள்.
பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு
அவளுடைய பதினோரு வருடம்
பச்சைக் கோடாக நகரத் தொடங்குகிறது.

நான்கு சதவீதம்.
கெட்டிலில் தண்ணீர் வைக்கிறாள்.
ரீகாவிலிருந்து எட்ஜுஸ் சொல்லியிருந்தான்:
எதையும் தொடாதீர்கள், எல்லாம் தானாக வரும்.
வீடு மாற்றும்போது
லாரிக்காரர்கள் சொல்வதும் இதுதான்.

முதலில் முகவரிகள் வந்தன.
ஓய்வுபெற்ற கப்பல் தலைவர்கள்,
மூடிப்போன நிறுவனங்களின் கணக்குப் பிரிவுகள்,
ஒரே ஒரு தடவை எழுதிய பல் மருத்துவர்,
யாரையும் விட்டுவிடவில்லை.
பிறகு கையொப்பம் வந்தது
வழியில் அடிபட்டு:
விஸ்மா கல?யா.
நெடில் இருந்த இடத்தில்
கேள்விக்குறி குந்தியிருந்தது.
அவளுக்குச் சிரிப்பு வந்தது.
நாற்பத்தாறு வருடத்தில் யாரும் கேட்காததை
ஒரு மென்பொருள் கேட்டுவிட்டது,
நீதானா என்று.

கடைசியில் விதிகள்.
அவளே எழுதியவை, ஒவ்வொன்றாக.
தலைப்பில் "தாமதக் கட்டணம்" இருந்தால் சிவப்பு.
துறைமுக அதிகாரி என்றால் மணி அடிக்கட்டும்.
தலைமையகத்தின் பிறந்தநாள் வாழ்த்து
நேரே குப்பைக்கு.
விதியை யாராலும் அழிக்க முடியாது என்பவர்கள்
இந்தத் திரையைப் பார்த்ததில்லை.
இங்கே ஒவ்வொரு விதிக்கும் எதிரே
சின்னதாய் ஒரு பெருக்கல்குறி உண்டு.

"பதினேழு விதிகளில் பதினாறு மாற்றப்பட்டன.
ஒன்பதாம் விதி புரியவில்லை."

அவளுக்குப் புரிந்தது.

நோர்முன்ட்ஸிடமிருந்து எது வந்தாலும்
படித்ததாகக் குறி;
"பிறகு" என்ற கோப்புறையில் போடு;
சத்தம் வேண்டாம்.
ஒரு பிப்ரவரியில், கோட்டைக்கூடக் கழற்றாமல்,
நின்றபடியே எழுதிய விதி.
ஏழு வருடத்தில் ஒரு நாளும்
அது விடுப்பு எடுத்ததில்லை.

இப்போது இன்பாக்ஸில், தடித்த எழுத்தில்,
விடியற்காலைப் பேருந்திலிருந்து
மூட்டையோடு இறங்கியவர்கள் மாதிரி
நாற்பத்தொரு மடல்கள்.
தலைப்புகளை மட்டும் படித்தாள்.

விளக்கம்
விளக்கம் (இதுதான் சரியான பிரதி)
உன் சைக்கிள் பம்ப்
பம்ப் இன்னும் என்னிடம்தான்
அம்மாவுக்கு அறுவை சிகிச்சை
பம்ப்
படிக்கட்டில் வைத்துவிடவா
ஒன்றுமில்லை
பம்ப், கடைசியாக

சைக்கிளை அவள்
அந்த வசந்தத்திலேயே விற்றிருந்தாள்.

வயர்லெஸ் கரகரத்தது:
விஸ்மா, வெளியே நங்கூரத்தில் நிற்கிறானே,
அந்தப் பனாமாக் கொடிக்காரன்,
அவனுடைய காகிதம் வந்ததா?
வந்திருக்கும், நாற்பத்தொன்றுக்கும் அடியில் எங்கோ.
தேடினாள். அனுப்பினாள். வந்துவிட்டது என்றாள்.
கெட்டில் கொதித்து, தானே அணைந்து,
ஆறியும் போயிருந்தது.

புதிய பதிப்புக்குப் பொறுமை அதிகம்.
ஒன்பதாம் விதியை நீங்களே எழுதுகிறீர்களா?
யாரிடமிருந்து, என்று ஒரு பெட்டி.
என்ன செய்ய, என்று இன்னொன்று.
முதலாவதில் மூன்றெழுத்து அடித்ததுமே
முழுப் பெயரையும் எடுத்து நீட்டியது;
முகவரியில்தான் யாரையும் விடவில்லையே.
இரண்டாவதில் கோடு மட்டும்
மினுக்கிக்கொண்டு நின்றது.

"ஒன்றுமில்லை" என்ற மடலைத் திறந்தாள்.
உள்ளேயும் ஒன்றுமில்லை.
கீழே அவன் கையொப்பம் மட்டும்,
அவர்கள் வீட்டுப் பழைய எண்ணோடு.

கையொப்பத்துக்குத் திரும்பிப் போய்
கேள்விக்குறியை அழித்து
நெடிலைப் போட்டாள். சேமித்தாள்.
இரண்டு பெட்டிகளையும் அப்படியே மூடினாள்.

விளக்கை அணைக்குமுன் ஒரு தடவை பார்த்தாள்.
பட்டியலில் எட்டுக்கு அடுத்தது
பத்து.