இருபத்திரண்டு டிகிரி

ஜனவரி. மூன்று நாளாய் மழை விடவில்லை.
இருபத்திரண்டு டிகிரி என்கிறது திரை.
இத்தீவில் இதற்குப் பெயர் குளிர்காலம்.
காப்பிக்கடையில் ஆளாளுக்கு ஒரு ஸ்வெட்டர்,
எந்த விடுமுறைக்கோ வாங்கியது,
அந்துருண்டை வாசத்தோடு.

கால்கரியிலிருந்து சின்னம்மா மகன் வைரவன்
நேற்று ஒரு படம் அனுப்பினான்:
இதே கார், இதே நீலம்,
கதவுப்பிடி மட்டும் பனிக்கட்டிக்குள்.
"மைனஸ் முப்பது. நானூறு கிலோமீட்டர்
இருநூறாச் சுருங்குதுக்கா.
காலைச் சூடாக்குறதா, வீடு போய்ச் சேர்றதா?"
சிரிப்பு முகம் ஒன்றைத் தட்டிவிட்டு
ஈசூன் மாடிக் கார்பார்க்கில்
சார்ஜர் ஒயரைப் பிடுங்கினேன்.

நாலேகால். செனோக்கோ.
மீன் கிடங்கு வாசலில்
கம்பளித் தொப்பியைக் கழற்ற மறந்து ஒருத்தி.
செயலியில் பெயர் நோர்லைலி.
ஏறியதும் இரு கைகளையும்
அக்குளில் செருகிக்கொண்டாள்.
"செஜூக், காக்" என்றாள்.
ஏர்கானை அடைத்தேன்.
பற்கள் அடங்கவில்லை.
இறால் பெட்டிகளோடு எட்டு மணிநேரம்;
உள்ளே மைனஸ் இருபத்தைந்தாம்.

அப்போதுதான் கண்ணில் பட்டது
திரையோரச் சிவப்புக் கோடு.
வாங்கி இரண்டு வருடம்,
ஒருமுறைகூடத் தொட்டதில்லை.
இந்த ஊரில் யாருக்கு வேண்டும் என்று
விற்றவனே சொல்லிச் சிரித்தது.
தள்ளினேன்.

முதலில் கருகிய தூசு நாற்றம்.
பிறகு, யாரோ வாய் திறந்து
மூச்சுவிடுவதுபோல்.
முன்னூற்று நாற்பது இருந்த இடத்தில்
முன்னூற்று இருபத்தெட்டு.
வைப்பர் ஒருமுறை போய் வருவதற்குள்
இருபத்தைந்து.
கணக்குப் பார்க்கும் கண்ணை
சாலையில் வைத்தேன்.

புக்கிட் தீமா விரைவுச்சாலையில்
காட்டின் மேல் மழை கனத்தது.
பின்னால் சத்தம் இல்லை.
கண்ணாடியில் பார்த்தேன்:
கைகளை வெளியே எடுத்து,
காற்று வரும் துளைக்கு முன்னே
விரல்களை ஒவ்வொன்றாய்
மடக்கி, நீட்டி,
எல்லாம் இருக்கிறதா என்று
எண்ணிக்கொண்டிருந்தாள்.

புக்கிட் பாத்தோக்கில் இறக்கிவிட்டபோது
முன்னூற்று ஒன்று.
பதினெட்டுக் கிலோமீட்டர் ஓட்டத்துக்கு
முப்பத்தொன்பது.
வைரவனுக்கு எழுதத் தொடங்கி
பாதியில் அழித்தேன்.
எழுதினால் சிரிப்பு முகம்தான் வரும்.

அடுத்து ஏறியவர்
விமான நிலையத்துக்கு, கோட்டு சூட்டு.
கதவைச் சாத்தியதும் கேட்டார்:
"என்னம்மா இது, காரா அடுப்பா?"