இரத்த வகை

மலக்கால் முகாமில் வானொலி அறை என் பொறுப்பு.
பட்டியல்களை அச்சடிப்பதும் நானே.

வெளியேற்றப் பட்டியலில் பதினோரு பேர்.
கடவுச்சீட்டு எண், உறவினர் தொலைபேசி, இரத்த வகை.
யோரிஸ்: ஏ பாசிட்டிவ்.
மார்லெய்ன்: ஓ பாசிட்டிவ், நிலக்கடலை ஒவ்வாது.
அடியில் ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே
'உள்ளூர்ப் பணியாளர்: 164'.
சோள மூட்டைகளையும்
இப்படித்தான் எழுதுவோம்.

போன மழைக்காலத்தில் அக்கரையிலிருந்து சுட்டார்கள்.
பதினோரு பேரையும் ஓடுதளத்தில் இறக்கிவிட்டு
ஒதோக் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பினார்.
பன்னிரண்டாவது இருக்கையில் அலுவலக மடிக்கணினிகள்
பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தனவாம்.
மார்லெய்ன் அழுதாள். பொய்யழுகை இல்லை.
அதை எங்கே வைப்பதென்றுதான்
இன்னும் எனக்குத் தெரியவில்லை.

இந்த மாதம் ஜெனீவாவிலிருந்து ஆலோசகர் வந்தார்,
நிறவெறியைப் பற்றிப் பேச.
ஆளுக்கு மூன்று மஞ்சள் ஒட்டுத்தாள்.
"இது பாதுகாப்பான இடம். மனம் திறங்கள்."
ஒதோக் சன்னல் வழியே பதுங்குகுழியைப் பார்த்தார்.
பதினோரு பேருக்கு அளவெடுத்துக் கட்டியது.

பிரசவ அறைச் செவிலி நியாவெல்லோ எழுந்தாள்.
சுவரிலிருந்து கிழித்து வந்த தாளை விரித்தாள்:
இரத்தம் கொடுத்தவர்கள் பட்டியல்.
அதில் நாங்கள் எல்லோரும் இருந்தோம், பெயரோடு.
ஒதோக், பி பாசிட்டிவ், நான்கு முறை.
அவள், ஓ நெகட்டிவ், ஒன்பது.
"என் இரத்தம் என்ன வகையென்று
எடுக்கும்போது உங்களுக்குத் தெரிகிறது."
சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

காப்பீடு என்றார் யோரிஸ்.
விமானம் சிறியது என்றார்.
கொள்கை மேலிடத்தில் முடிவாவது என்றார்.
ஆலோசகர் அதையும் மஞ்சள் தாளில் எழுதிக்கொண்டார்.

எங்கள் பக்கத்து ஜெனரேட்டர் பத்து மணிக்கு நின்றுவிடும்.
வானொலியின் பேட்டரியில் கணினியைச் செருகினேன்.
முதலில் அந்தக் கோட்டை அழித்தேன்.
ஒரு விசை, அவ்வளவே.
இத்தனை வருடம் அதைச் சுவர் என்று நினைத்திருந்தேன்.
பிறகு நூற்று அறுபத்து நான்கு பெயர்கள்,
தகப்பன் பெயரோடு, பிழையில்லாமல்,
எல்லோரையும் கலந்து, எழுத்து வரிசையில்.
அறுபத்தொன்றில் என் விரல் நின்றது. அது நான்.
என் இரத்த வகையை
நியாவெல்லோவின் தாளைப் பார்த்துத்தான் எழுதினேன்.

காலையில் கையெழுத்துக்கு வைத்தேன்.
விமானத்தில் இருக்கை இன்னும் பன்னிரண்டுதான்,
எனக்கும் தெரியும்.
யோரிஸ் பேனாவைத் திறந்தார்.
முதல் பக்கத்தில் தன் பெயரைத் தேடினார்.
இரண்டாம் பக்கத்திலும் தேடினார்.

"இருக்கிறீர்கள்," என்றேன்.
"கீழே வாருங்கள்.
இன்னும் கொஞ்சம் கீழே."