இரண்டு நகர்த்தலில்

வெள்ளை ஆட வேண்டும்.
இரண்டே நகர்த்தலில்
கறுப்பு ராஜாவை முடிக்க வேண்டும்.
மூன்று குளிர்காலமாக
புதிரைக் கட்டிமுடிக்க முடியவில்லை மக்வாலாவால்.

பகலில் மருந்துக்கடை.
இருமலுக்கும் இரத்த அழுத்தத்துக்கும்
பார்க்காமலே பெட்டி எடுத்துத் தரும் கை
இரவில் ஒரு மரக்குதிரையைத் தூக்கி
எடுத்த இடத்திலேயே வைக்கிறது.
குளிர்பெட்டி உறுமி அடங்குகிறது.
மேசைவிளக்கு
தன் மஞ்சள் வட்டத்தைவிட்டு வெளியே வருவதில்லை.
அவள் எண்ணமும் செக்குமாடாய்
அதே வட்டத்தில்.

இன்று ஆத்திரத்தில் கோட்டை மாட்டிக்கொண்டு
கதவைச் சாத்தினாள்.
குத்தாய்சியின் பழைய அடுக்ககத்தில்
லிஃப்டுக்கும் உண்டியல் உண்டு.
பையில் சில்லறை இல்லை.
ஆறு மாடி.
முதலில் அவள் படிகளை எண்ணினாள்,
பிறகு படிகளே தங்களை எண்ணிக்கொண்டன.

வெளியே பிப்ரவரி.
ரியோனி ஆறு வெள்ளைக் கற்களுக்கிடையே
யாரையோ கடிந்துகொண்டே போனது.
கால்மணி நேரம்
பலகை தலைக்குள்ளேயே இருந்தது,
அடிக்கு அடி காய்கள் குலுங்க.
காலோ கட்டங்களை மதிக்கவில்லை.
நேர்சாலையில் யானை.
சேறு கண்டால் மந்திரி, மூலைக்கு வெட்டும்.
நடைபாதையில் நாய் படுத்திருந்தால்
இரண்டு தப்படி, ஒரு விலகல்:
குதிரையேதான்.

பாலத்தின் நடுவில்
இரட்டைக் குழந்தைகளின் தள்ளுவண்டி எதிரே வந்தது.
ஓரடி பின்வாங்கி வழிவிட்டாள்.
அந்தக் கணத்தில் பொறி தட்டியது
என்று எழுதினால் இந்தக் கவிதை சுலபமாய் முடியும்.
தட்டவில்லை.
அப்போது அவள் நினைத்தது
இடது காலுறையில் ஓட்டை.

சந்தைக்குள் போனாள், வாங்க ஒன்றுமில்லாமல்.
மெழுகுவர்த்திபோல் தொங்கும் சர்ச்சேலா சரங்கள்.
ஊறுகாய்ப் பூண்டின் வாசனை.
குலிக்கோ பாலாடைக்கட்டியை நிறுத்துக்கொண்டே
மருமகனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.
விலை ஏறியிருந்தது.
போன வாரத்துக்கு எவ்வளவு கூட
என்று மனக்கணக்குப் போடுகையில்,
யாரும் கேட்காதபோது,
ராணி பின்னால் போனாள்.

ஒரு கட்டம். அவ்வளவுதான்.
மூன்று குளிர்காலமாக
முன்னே போ, முன்னே போ என்று பிடித்துத் தள்ளியவளை
வழியைவிட்டு விலகச் சொல்லத் தோன்றவில்லையே.
அவள் முதுகுக்குப் பின்னால்
மந்திரியின் மூலைவிட்டம்
ஜன்னல் திறந்ததுபோல் ராஜா வரைக்கும்.

"பேனா!" என்றாள்.
குலிக்கோ காதில் செருகியிருந்த பென்சிலைத் தந்தாள்,
திட்டை நிறுத்தாமலே.
கட்டி சுற்றிய தாளில் எழுத எழுத
உப்புநீர் ஊறி
ராஜா பாதி கரைந்துபோனார்.

வீடு. நாற்காலி. விளக்கு.
சரிபார்த்தாள்.
ஓரத்தில் இத்தனை நாள் தூங்கிய
கறுப்புச் சிப்பாய் ஒன்று
ஓரடி எடுத்து வைத்து
அத்தனையையும் கெடுத்தது.

அழவில்லை. சிரிப்புகூட வந்தது.
இது உட்கார்ந்தே பழுத்த பழைய தவறல்ல,
புதிது.
இன்று நடந்த தவறு,
காலால் நடந்தது.

பூட்ஸ் இன்னும் ஈரம்.
கழற்றியிருக்கவில்லை.
குலிக்கோ தந்த மீதிச் சில்லறை
இந்த முறை பையில் இருந்தது.
லிஃப்டைத் தாண்டி
படியில் இறங்கினாள்.