தொண்ணூற்றேழு

இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து கதவைத் திறந்தால்
வீட்டிலும் ஒரு நோயாளி.
மேசைக்கு அடியில் மூச்சிரைக்கிறது.

தொண்ணூற்றேழு, என்கிறார் பிரகலாதன்
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.
சால்மியாவில் எவரோ கட்டப்போகும்
பதினோரு மாடிக்கு
இவர் கண்ணாடி பதித்து, வெளிச்சம் போட்டு
வியாழனுக்குள் அனுப்ப வேண்டும்.
மார்ச்சில் கம்பெனி கணக்கை முடித்தனுப்பியதிலிருந்து
அவருக்கு ஆபீஸ் என்பது இந்தப் பெட்டிதான்.

எண்பத்தைந்து வரை அதற்கு இளங்காய்ச்சல்.
தொண்ணூறைத் தாண்டினால்
தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.
நூறைத் தொட்டால்
யாரையும் கேட்காமல் அணைந்துவிடும்.
நேற்று அப்படித்தான்,
எட்டாவது மாடி பாதியில்.

எத்தனை நாளாக இப்படி?
(வேறு எப்படிக் கேட்க, எனக்கு வருவது அதுதான்.)
புழுதிக்காற்று அடித்ததே, அந்த வாரத்திலிருந்து.

ஜன்னல் இடுக்கெல்லாம் ஈரத்துண்டு செருகியிருந்தோம்.
அப்படியும் வந்திருக்கிறது.
பக்கப் பலகையைக் கழற்றினால்
விசிறிக்குப் பின்னால், தகடுகளின் சந்துகளில்
செம்மண் நிறத்தில்
மெத்தென்று ஒரு கம்பளி.
விசிறி சுற்றிவிடாமல் அவர் ஒரு விரலால் பிடித்துக்கொள்ள
அவருடைய ஷேவிங் பிரஷ்ஷால் நான் வாரினேன்.
ஃபர்வானியாவில் பாதி
எங்கள் பழைய செய்தித்தாளில் விழுந்தது.

அடியில் பழைய பேஸ்ட்
காய்ந்து வெடித்துக் கிடந்தது.
(போன வருடம் பற்பசை வைத்துப் பார்த்த மகானும் இவரே.
ஒரு நாள் தாங்கியது.
அறை முழுக்கப் புதினா வாசம்.)
ஸ்பிரிட் இருந்தால் நல்லது, என்றார்.
இந்த ஊரில் அந்தச் சொல்லை
எல்லோரும் கொஞ்சம் மெதுவாகவே சொல்கிறோம்.
யூனிஃபார்ம் பையைத் துழாவினேன்.
ஊசி போடுமுன் தோலைத் துடைக்கும்
சதுரப் பொட்டலங்கள் ஐந்து.
நாலு கறுத்தன.
ஐந்தாவதில் உலோகம் பளிச்சென்று
என் தூக்கமில்லாத கண்ணைக் காட்டியது.

ஹவல்லியில் வாங்கிய புது பேஸ்ட்.
உளுந்தளவு போதும், என்றார்.
முழு உளுந்தா, உடைத்ததா?
வேலை போனபின் அவர் வாய்விட்டுச் சிரித்தது
இதுதான் முதல் தடவை.

திருகாணிகளைக் குறுக்கும் நெடுக்குமாக
ஒவ்வொரு சுற்றாக முறுக்கிக்கொண்டிருந்தார்.
நான் ஷிஃப்ட் ஏறிய அரைமணியில்
கொண்டுவரப்பட்டவனைப் பற்றிச் சொன்னேன்.
மதியத்தில் வெயிலில் வேலை கூடாதல்லவா,
அதனால் அவனைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கியிருந்தார்கள்
பெயின்ட் அடிக்க.
பேர் கேட்டால் ஹெல்மெட் நம்பரைச் சொன்னான்.
நாற்பத்தொன்று புள்ளி ஆறு.

அவ்வளவுதானா, என்றவர்
உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.
கையிலிருந்த திருகாணி உருண்டு
கட்டிலுக்கு அடியில் போனது.
இருவரும் தரையில் படுத்துத் தேடினோம்.

அக்குளில் ஐஸ், தொடையிடுக்கில் ஐஸ்,
ஈரத்துணி, இரண்டு பக்கமும் மின்விசிறி,
என்றேன் கட்டிலுக்கு அடியிலிருந்து.
அப்புறம்?
ராத்திரி இரண்டு மணிக்கு ஏதோ கேட்டான்.
என்ன மொழியென்று தெரியவில்லை.
தண்ணீர் என்று புரிந்தது.

திருகாணி கிடைத்தது.
பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தி
பொத்தானை அழுத்தினார்.
நாற்பத்திரண்டு. ஐம்பது. அறுபத்தொன்று.
அங்கேயே நின்றது.
பழக்கதோஷத்தில் நான் அதன் பக்கவாட்டில்
புறங்கையை வைத்துப் பார்த்தேன்.

மணி ஒன்பதரை.
வெளியே கார்களின் கூரையில் கை வைக்க முடியாது.
கறுப்புத் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தேன்.
எட்டாவது மாடி மெல்ல எழுந்துகொண்டிருந்தது.
வாடிக்கையாளருக்கு வெளிச்சம் உறுத்துகிறதாம்.
பிரகலாதன் சூரியனை மவுஸால் பிடித்து
கொஞ்சம் கீழே
இறக்கி வைத்தார்.