லாக்டோமீட்டர்க்காரி

காலை ஐந்தே முக்காலுக்கு
வேலந்தாவளம் பால் சொசைட்டியின் ஷட்டரைத் தூக்குவேன்.
ஜாடியில் பாலை ஊற்றி
லாக்டோமீட்டரை மிதக்க விடுவேன்.
இருபத்தெட்டு என்றால் தலையாட்டுவேன்.
இருபத்தைந்து என்றால்
கேன் கொண்டுவந்தவர் முகத்தைப் பார்ப்பேன்.
அவர் வானத்தைப் பார்ப்பார்,
மழை தானாகப் பாலில் விழுந்ததுபோல.

இரவு ஒன்பதுக்கு
அதே கை, வேறு ஜாடி.
கோயமுத்தூரில் வாங்கி
முந்தானைக்குள் சாவடி தாண்டிய ஹைட்ரோமீட்டர்.
ஆயிரத்து நாற்பத்தெட்டில் தொடங்கி
ஆயிரத்துப் பத்துக்கு இறங்க வேண்டும்.
பகலில் எடை குறைந்தால் திருட்டு.
இரவில் எடை குறைந்தால்
உள்ளே வேலை நடக்கிறது.

மண்டபத்துக்காரர் ஏலம் விட்ட சாம்பார் அண்டா.
இருபது லிட்டர் தண்ணீர் கேன்.
அதன் மூடியில் ஆஸ்பத்திரி டிரிப்ஸ் குழாய்,
மறுமுனை ஒரு டம்ளர் தண்ணீரில்.
குமிழி விடும், விடும்,
விடிய விடிய விடும்.
இரண்டாம் நாளே திருமூர்த்தி
தலையணையோடு ஹாலுக்குப் போய்விட்டான்.
“பாட்டில் கடையிலயே கிடைக்குதுடி.”
கிடைக்கிறது. அது யாரோ இறக்கிய எடை.

முதல் கேனில்
ஹாப்ஸுக்குப் பதில் நிலவேம்பு போட்டேன்.
காய்ச்சல் இல்லாதவர் குடிக்க முடியவில்லை.
இரண்டாவது முழுக்க ராகி,
வடிகட்டும் துணியிலேயே கூழாகி நின்றது.
மூன்றாவதற்கு
பார்லி மால்ட் மூன்று பங்கு,
முளைகட்டிக் காயவைத்த ராகி ஒரு பங்கு,
அறுபத்தாறு டிகிரியில் ஒரு மணி நேரம்
தீயைக் கூட்டிக் குறைத்துக் கூட்டி.
ஹாப்ஸ் கூரியரில் வந்தது,
‘உலர்ந்த மூலிகை’ என்ற சீட்டோடு.
டெலிவரிப் பையன் கேட்டான்:
“சுகருக்குங்களாக்கா?”
ஆமாம் என்றேன். பொய்யில்லை.
சர்க்கரையைத் தீர்ப்பதுதான் மொத்த வேலையும்.

மார்கழியில் கணவாய்க் காற்று
கிழக்கிலிருந்து அடித்துக்கொண்டு வரும்.
ஈரச் சாக்கு சுற்றி ஜன்னலடியில் வைத்தால்
கேன் இருபது டிகிரியில் நிற்கும்.
இந்த செக்போஸ்டில்
யாரும் கைகாட்டி நிறுத்தாதது
அந்தக் காற்று ஒன்றைத்தான்.

நிறுத்துகிறவன் அடுத்த வீட்டில் இருக்கிறான்.
அச்சுதன்குட்டி, எக்சைஸ் கார்டு.
தார்ப்பாய்க்குள் கம்பியைச் செருகி
நுனியை முகர்ந்து
ஸ்பிரிட்டா பினாயிலா என்று சொல்லும் மூக்கு.

நான் செய்த தப்பு எனக்குத் தெரியும்.
நாக்பூர் லோடுக்குப் போகுமுன்
திருமூர்த்தி ஒரு வாய் குடிக்க வேண்டும் என்று
ஆயிரத்துப் பதினெட்டிலேயே
பன்னிரண்டு பாட்டிலில் அடைத்தேன்.
பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை வேறு.
லோடு இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டது.

ஒன்பதாம் இரவு, ஒன்றரை மணி.
ஒன்று. அப்புறம் இரண்டு.
பாத்திர அலமாரி அதிர மூன்று.
கதவைத் திறந்தால்
லுங்கியும் டார்ச்சுமாக அச்சுதன்குட்டி.
“குக்கரா?”
“குக்கர்.”
நுரை வாசற்படி இறங்கி
அவன் செருப்பைத் தொட்டது.
குனிந்தான்.
டார்ச்சை அணைத்தான்.
“சர்க்கரை தீரும் முன்னே மூடியாச்சு, இல்லே?”
அவ்வளவுதான். போய்விட்டான்.

காலையில் வரிசையில்
அவன் மனைவி நிற்கும் இடத்தில் அவன் நின்றான்.
ஊற்றினேன். மிதந்தது.
இருபத்தைந்து.
போன வாரமும் இருபத்தைந்துதான்.
பின்னால் பதினோரு பேர்,
கேன் மூடிகள் சலசலக்க.
அவன் வானத்தைப் பார்க்கவில்லை.

வீட்டில் ஒன்பது பாட்டில்கள்
ஈரச் சாக்குக்குள் விறைத்துக் கிடக்கின்றன.

பேனா ஒருமுறை எழுதாமல் கீறியது.
உதறி எழுதினேன், இருபத்தைந்து.
“தண்ணி கூடிப்போச்சுங்க.”
“அறியாம்,” என்றான்.
காலிக் கேனை எடுத்துக்கொண்டான்.

மத்தியானம் வீட்டுக்குப் போய்
ஒன்பது மூடியையும் ஒவ்வொன்றாக நெம்பினேன்.
ஒவ்வொன்றும் ஸ்ஸ் என்றது,
பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி.